லயத்து வீட்டு வம்சாவளி

(பினாங்கு மாநிலம் நிபோங் திபாலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் தோட்டக் குடும்பங்கள் நவீன காலத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பேச்சைச் சரவாக்கில் தொடங்கி நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். நம் கதையைச் சொல்ல அவ்வளவு தூரம் போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இதே நாட்டில் வாழும் இன்னொரு மக்கள் தங்கள் மாற்றத்தை எப்படி ஏட்டில் ஏற்றினார்கள் என்று பார்த்தால், நாம் எதை எழுதாமல் விட்டோம் என்பது தெரியும். அதற்காகத்தான்.

சரவாக்கின் இபான் மக்களிடம் ‘துசுட்’ என்ற வழக்கம் உண்டு. குடும்பத்தின் வம்சாவளியை மனப்பாடமாக ஒப்பிப்பதுதான் துசுட். யாருக்கு யார் பிள்ளை, யாரை மணந்தார்கள், எந்த ஆற்றங்கரையை விட்டு எந்த ஆற்றங்கரைக்குப் போனார்கள் என்று வரிசையாக வரும். இருபது தலைமுறைக்கு மேலே போகிற துசுட்டுகளும் உண்டு. மேலே போகப் போக அது தெய்வக் கதைகளோடு கலந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் கீழே உள்ள தலைமுறைகள் நிலத்தோடும் ஆற்றோடும் ஒட்டியே நிற்கும். 1918இல் சாரிபாஸ் வட்டாரத்தில் பிறந்த பெனடிக்ட் சண்டின் என்ற இபான் அறிஞர் இவற்றை ஊர் ஊராகப் போய்த் திரட்டினார். 1966இல் சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். மறு ஆண்டே, வெள்ளை ராஜாக்கள் வருவதற்கு முந்தைய தம் மக்களின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அந்த வெள்ளை ராஜாக்களான புரூக் குடும்பத்து ஆட்சி தொடங்கியது 1841இல். அதற்கு முந்தைய காலத்தை எழுத அவருக்குக் கைகொடுத்தவை இந்தக் குடும்ப வம்சாவளிகள்தான்.

இப்போது இந்த மண்டபத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கைகள் உயர்கின்றன. அவருடைய அம்மாவின் பெயர்? கைகள் குறைந்துவிட்டன. அவர் எந்தத் தாலுகாவில், எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினார்? இரண்டு மூன்று கைகள்தான் மிச்சம். என் குடும்பத்திலும் நான்காவது தலைமுறையோடு பாதை அடைபட்டுவிடுகிறது. ‘திருச்சிப் பக்கம்’, ‘சேலம் ஜில்லா’ என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.

நம் அடையாள அட்டையைப் பாருங்கள். நம் பெயர், பிறகு இன்னாரின் மகன், இன்னாரின் மகள். ஒரு தலைமுறையோடு சரி. இபான்காரர்களின் அட்டையிலும் அதே கதைதான். பெயருக்குப் பின்னால் ‘அனாக்’ போட்டு அப்பாவின் பெயர் வரும். அரசாங்கப் பதிவில் அவர்களும் நாமும் ஒரே தலைமுறைக்காரர்கள்தான். ஆனால் அவர்களுடைய அட்டைக்குப் பின்னால் ஒரு துசுட் நிற்கிறது. நம் அட்டைக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

நாம் ஞாபக மறதிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைக் கொண்டுவந்த முறையே நம் வேரை அறுத்துத்தான் கொண்டுவந்தது. அதை விளக்கக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

நம் ஊர் இருக்கும் செபராங் பிறை, 1800ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற நிலம். அதன் எல்லை பின்னால் தெற்கே கிரியான் ஆற்றுப் பக்கம் வரை நீண்டது. சீனர்கள் இங்கே முன்பே கரும்பு பயிரிட்டார்கள். 1840களில் ஐரோப்பியர்கள் பெரிய அளவில் கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். கலிடோனியா, பைராம், விக்டோரியா, பத்து காவான் போன்ற தோட்டங்கள் பிற்பாடு இங்கிலாந்தின் ராம்ஸ்டன் குடும்பத்துக்குச் சொந்தமாயின. அந்தக் கரும்புக்குக் கைகள் தேவைப்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல்கள் வந்தன. பெரியவர்கள் ‘சஞ்சிக்கூலி’ என்று சொல்வார்களே, அந்த ஒப்பந்த முறையில் நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்த செலவைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், அதற்குச் சிறையும் உண்டு.

கலிடோனியாவின் 99 கதவு வீடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1948இல் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதும் தெரியும். பேய் பார்க்கவென்று வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். வரட்டும். ஆனால் அந்த மாளிகைக்குச் சோறு போட்ட தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் எத்தனை கதவுகள் இருந்தன, அந்தக் கதவுகளுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு ஒருவரும் வருவதில்லை. இந்த வட்டாரத் தோட்டங்களைப் பற்றி அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஹாலன் லீஸ் 2017இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதனால் அவர்களைப் பற்றி எழுத முடிகிறது. நம் பாட்டன்மார் பெரும்பாலும் கடிதம் எழுதவில்லை. எழுதியவர்களின் கடிதங்களும் இந்தியாவுக்குப் போய்விட்டன.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் போனார்கள். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் எல்லாம் கப்பல் வாரியாகப் பதிவாகி இன்றும் இருக்கின்றன. டர்பனில் வாழும் தமிழர் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண்ணைத் தேடி எடுத்து, வட ஆற்காட்டில் அந்தக் கிராமத்துக்கே போய்விட முடிகிறது. மொரீஷியஸிலும் அப்படியே, அங்கே புகைப்படங்கள்கூட இருக்கின்றன. மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அப்படிக் குடும்பங்கள் கையில் எடுத்துப் பார்க்கும் பெயர்வாரிப் பதிவு இல்லை. அதுவும், ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி முறைதான் ஓங்கியது. கங்காணி தன் ஊருக்குப் போவார், தன் உறவையும் அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருவார். கணக்கு அவர் தலையில் இருந்தது, தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இருந்தது. கங்காணி போனார், செக்ரோலைக் கறையான் தின்றது.

ஆனால் கங்காணி முறையில் நமக்கு ஒன்று கிடைத்தது. அதை மறுக்கக் கூடாது. ஒப்பந்தக் காலத்தில் பெரும்பாலும் தனி ஆண்களாக வந்தவர்கள், கங்காணி காலத்தில் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். மாமன், மச்சான், சித்தப்பா என்று உறவு முறையோடு லயங்கள் நிரம்பின. மாரியம்மன் கோயில் எழுந்தது. திருவிழா வந்தது. நாம் இன்று ‘தோட்டத்து வாழ்க்கை’ என்று சொல்லி ஏங்குகிறோமே, அது உருவானது அந்தக் காலத்தில்தான்.

கரும்பு போய் ரப்பர் வந்ததும் அதே காலம்தான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இங்கே கரும்பாலைகள் அடங்கின, பால்மரம் நிரைநிரையாக நின்றது. அதே ஆண்டுகளை ஒட்டிச் சரவாக்கில், சாரிபாஸ் ஆற்றங்கரை இபான் குடும்பங்களும் பால்மரம் நட்டன. அதே மரம், அதே பால், அதே உலகச் சந்தை. ஆனால் அவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் நட்டார்கள். விலை ஏறினால் பால் வெட்டினார்கள், விலை விழுந்தால் மரத்தை விட்டுவிட்டு மலைநெல்லுக்குத் திரும்பினார்கள். 1930களில் சரவாக் இருக்கும் போர்னியோத் தீவில் ஒரு கனவு ஊர் ஊராகப் பரவியதாம். ரப்பரின் ஆவி நெல்லைத் தின்கிறது என்ற கனவு. அதைக் கேட்டுச் சில ஊர்களில் பால்மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று கனவு கண்டு முடிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

அதே 1930களில் நம் நிலைமை என்ன? ரப்பர் விலை விழுந்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். எஞ்சியவர்களுக்குக் கூலியை வெட்டினார்கள். 1920களின் கடைசியில் செபராங் பிறை போன்ற இடங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நிர்ணயக் கூலி. அதுவும் நிலைக்கவில்லை. 1936ஆம் ஆண்டின் கடைசியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் இங்கே வந்து தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதையே நிறுத்தியது. அத்தோடு புதிதாக ஆள் வருவது நின்றது. இங்கே இருந்தவர்கள் இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே பிள்ளை வளர்த்து, இந்த ஊர்க்காரர்கள் ஆனார்கள்.

பெண்ணுக்குக் கொடுத்த அந்த 40 காசுக் கூலியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆணைவிடக் குறைவு, அது அநியாயம். ஆனால் அந்தக் காசு செக்ரோலில் அவளுடைய பெயரில் ஏறியது. புருஷன் பெயரில் ஏறவில்லை. நம் குடும்பங்கள் மாறிய கதையை நான் அந்தப் பெயர்ப் பதிவிலிருந்துதான் தொடங்குவேன்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன். இங்கே இருக்கிற அறுபது வயதுக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது புதிதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிச் சோறு வடித்துவிட வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். இருட்டு விலகும் முன்னே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் குளிர் நேரத்திலேயே நிரைக்குள் நுழைய வேண்டும். மரத்துக்கு மரம் போய், முதல் நாள் வெட்டுவாயில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, உளியைச் சாய்வாக வைத்துப் பட்டையை நூல் போலச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், மண்டோர் வைவார். ஆழம் குறைந்தால் பால் வராது. பட்டைச் சீவல் சுருண்டு விழும். வெட்டுவாயில் வெள்ளையாகக் கசிந்து, தகட்டில் இறங்கி, மங்கில் சொட்டும். நூற்றுக்கணக்கான மரங்கள். பத்து மணிக்கு மேல் அதே மரங்களை மறுபடி சுற்றி மங்குகளை வாளியில் வழித்து ஊற்றிக்கொண்டு, காண்டாக் கம்பு தோளில் இருபக்கமும் வாளி ஆட, ஸ்டோருக்கு நடை. அங்கே கணக்கரான கிராணி பாலில் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்ப்பார். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது சொல்லும். அவர் எழுதுவதுதான் கணக்கு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. வானம் இருண்டால் எங்கள் வீட்டில் பாட்டியின் முகமும் இருண்டுவிடும் என்று அம்மா சொல்வார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி கிராணி சொன்ன எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் சம்பள மேசையில் நின்று, இன்ன தேதியில் இத்தனை ராத்தல், ஏன் குறைகிறது என்று கேட்பாராம். எனக்கு இதில் பெருமை உண்டு. நவீனம் என்றால் மின்சாரம், தார்ச்சாலை, தொலைக்காட்சி என்று பாடப்புத்தகம் சொல்லும். தன் உழைப்புக்குத் தன் பெயரில் கணக்குக் கேட்ட பெண்தான் எங்கள் வீட்டில் முதல் நவீன மனுஷி என்று நான் சொல்கிறேன்.

அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு ‘கூட்டு’க்குப் போகும். லயத்துப் பெண்கள் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். எழுத்தில்லை, கையொப்பமில்லை, வாய்ச்சொல்தான். கூட்டு எடுத்து மகளுக்குத் தோடு வாங்கினார்கள், தையல் மிஷின் வாங்கினார்கள், பையனை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்ப சைக்கிள் வாங்கினார்கள். கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் மிஞ்சிய காசு பெரும்பாலும் இந்த வழியில்தான் மிஞ்சியது. நம் சமூகத்தின் முதல் வங்கி அதுதான். அதற்குக் கட்டடம் இல்லை, அதனால் சரித்திரமும் எழுதப்படவில்லை.

இடையில் ஜப்பான்காரன் காலம். 1942, 1943இல் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. திரும்பி வராதவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் முழுமையாக இல்லை. போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு, அதில் பெயர் உண்டு. நம்மவர்களுக்கு அது இல்லை. பல குடும்பங்களில் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ ‘சயாமுக்குப் போனவர்’ என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துபோகிறார்.

பிறகு காகிதங்களின் காலம் வந்தது. 1957இல் மெர்டேக்கா என்ற சுதந்திரம். அதையொட்டிக் குடியுரிமை, குடிமக்களுக்கு நீல அட்டை, மற்றவர்களுக்குச் சிவப்பு அட்டை. இது நம் குடும்ப வரலாற்றில் பெரிய திருப்பம். அப்போது குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள் இருந்தார்கள், ‘எப்படியும் ஊருக்குப் போகத்தானே போகிறோம்’ என்று விட்டவர்களும் இருந்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது அந்தப் பழைய முடிவின் விலை தெரிந்தது. பல்லாயிரம் பேர் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறித் தாங்கள் பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பி’ப் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்தக் காகிதங்களில் பெயர் எழுதிய விதமும் ஒரு கொடுமை. அம்மாவின் பெயர் ஒரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடுத்த பிள்ளைக்கு லெச்சுமி, மூன்றாவது பிள்ளைக்கு லச்மி. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். இன்றைக்கு ஒரே தாயின் பிள்ளைகள் என்று நிரூபிக்கச் சத்தியப் பிரமாணம் எழுதிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நமக்குள் உண்டு.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது பெயருக்குத்தான் இருந்தது. ஒரு கொட்டகை, ஒரு பலகை, வேறு வேலையும் பார்க்கிற ஒரு வாத்தியார். துரைமாருக்கு அது போதும், ஏனென்றால் வாத்தியாரிடம் படித்த பிள்ளையும் நாளை உளி பிடிக்கத்தான் போகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் கொட்டகைகளைப் பள்ளிகளாக்கியது யார்? 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கிப் பேசிய பேச்சு ஒரு பக்கம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஒரு பக்கம். அதைத் தோட்டத்துக் கோயில் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவுப் பள்ளி நடத்திய இளைஞர்கள், சங்கம் வைத்தவர்கள், பெயர் தெரியாத ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். இடைநிலைப்பள்ளிக்குப் போன நம் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார்ந்தார்கள். அந்த ஓர் ஆண்டுக்குள் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்பதை உங்கள் அண்ணன்மாரைக் கேளுங்கள். தாண்டியவர்கள்தான் நம் முதல் ஆசிரியர்கள், முதல் தாதியர், முதல் குமாஸ்தாக்கள்.

பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள். நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் இன்னும் இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் இருக்கிறது. தாமான் குடியிருப்பு வீட்டிலிருந்து வேனில் வந்து இறங்குகிற பிள்ளை, தான் கண்ணால் பார்க்காத ஒரு தோட்டத்தின் பெயரைச் சட்டைப் பையில் சுமக்கிறது.

1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. பக்டரி பஸ் தோட்டத்து முச்சந்தி வரை வந்தது. லயத்துப் பெண்பிள்ளைகள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பினார்கள். எத்தனை வீட்டில் சண்டை! ‘வயசுப் பெண்ணை ராத்திரி வேலைக்கு அனுப்புவதா’ என்று தாத்தா குதித்தார். எங்கள் வீட்டில் அனுப்பச் சொன்னது பாட்டிதான். மாதச் சம்பளம், மழை பெய்தாலும் சம்பளம் என்ற ஒரே காரணம் அவருக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் தம்பிமார் படித்தார்கள். கல்யாண வயது ஏறியது. மாப்பிள்ளையைப் பற்றிப் பெண்ணிடம் கேட்கும் வழக்கம் வந்தது. சில வீடுகளில் சாதி தாண்டிய கல்யாணம் வந்தது, வேறு சில வீடுகளில் அதற்காகவே பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒரு பக்கம் மனம் நிறைகிறது, மறுபக்கம் கனக்கிறது. ஏனென்றால் அதே ஆண்டுகளில்தான் நம் காலடி நிலம் நழுவியது. மெர்டேக்காவுக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது என்ற எண்ணம் எவ்வளவு பெரியது! வாங்கவும் செய்தார்கள். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவு. பிறகு நெடுஞ்சாலை, தாமான், தொழிற்பேட்டை. லயத்து வீடு கம்பெனியின் வீடு. வேலை போனால் வீடும் போகும். நூறு வருடம் ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்தப் படிக்கட்டின் மீது ஒரு சாண் உரிமை கிடையாது. கே.எஸ். மணியம் 1981இல் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலில் வரும் பெரியத்தாய்ப் பாட்டியின் ஏக்கமும் இதுதான்: தனக்கென்று ஒரு வீடு, ஒரு துண்டு நிலம்.

டிரான்ஸ்கிரியான் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு என்ன நினைவு வருகிறது? மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். 2001இல் அது இங்கே வந்தது. நல்லது, நம் பிள்ளைகளும் அங்கே படிக்க வேண்டும், படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தமான தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் எங்கே இருக்கிறது?

மீண்டும் இபான் மக்களிடம் போகிறேன். அவர்களும் ஓடித்தான் பிழைத்தார்கள். இளைஞன் ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதித்துப் பேரோடு திரும்புவதை அவர்கள் ‘பெஜாலாய்’ என்பார்கள். முன்பு அது காட்டுக்கும் கடலுக்கும், இன்று எண்ணெய்க் கிணறுகளுக்கும் ஜொகூர் தொழிற்சாலைகளுக்கும். ஆனால் ஜூன் 1ஆம் தேதி காவாய் திருநாளுக்குத் திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு நீளவீடு இருக்கிறது. அதில் குடும்பத்துக்கென்று ஒரு பிலெக், ஓர் அறை, இருக்கிறது. நீளவீடு இன்று செங்கல்லும் சிமெண்டும் ஆகியிருக்கலாம், ஆனாலும் அது அவர்களுடையது. அவர்களுக்கும் நிலப் போராட்டம் இல்லாமல் இல்லை. ரூமா நோர் என்ற இபான் நீளவீட்டார் தங்கள் பாரம்பரிய நிலத்துக்காகக் கம்பெனிமீது வழக்குப் போட்டார்கள். முன்னோர் எப்போது வந்தார்கள், எங்கே காடு திருத்தினார்கள், எங்கே புதைத்தார்கள் என்ற குடும்ப வரலாறு அங்கே சாட்சியமாக நின்றது. 2001இல் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதாரம் போதவில்லை என்று அதை மாற்றினாலும், அந்த உரிமை சட்டத்தில் உண்டு என்பதை மறுக்கவில்லை. குடும்ப வரலாறு என்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

நமக்குத் திரும்பிப் போக லயம் இல்லை. அதனால் நம் வரலாற்றுக்கு நிற்க ஓர் இடம் வேண்டுமானால் அது நம் குடும்பங்களின் ஞாபகமும் பெட்டிக்குள் கிடக்கும் காகிதமும்தான்.

‘கூலிக்காரன் பிள்ளை என்று எழுதி வைத்துக்கொண்டு என்ன பெருமை’ என்று சிலர் கேட்கிறார்கள். படித்து மேலே வந்த பிள்ளைகள் சிலர் பாட்டி பால்மரம் வெட்டியவர் என்பதைச் சொல்லவே தயங்குகிறார்கள். தயக்கம் எனக்குப் புரிகிறது. குடும்ப வரலாற்றைத் திறந்தால் பெருமை மட்டும் வெளியே வராது. மேல்லயம் கீழ்லயம் என்று சாதி பார்த்து வீடு பிரித்தது வரும். கள்ளுக்கடையிலிருந்து வந்து அடித்த தாத்தா வருவார். இரண்டாம் குடும்பம் வரும். படிக்க ஆசைப்பட்டு நிறுத்தப்பட்ட அத்தை வருவார். எல்லாம் வரட்டும். இவற்றை மறைத்து எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை, வரலாறு ஆகாது. எங்கிருந்து ஏறி வந்தோம் என்பது தெரியாதவனுக்கு, எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்பதும் தெரியாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வீட்டில் இருக்கிற மிக வயதான பெண்மணியிடம் இந்த வாரமே உட்காருங்கள். கைத்தொலைபேசியை ஒலிப்பதிவில் போடுங்கள். ‘பழைய கதை சொல்லுங்க பாட்டி’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அவர் ‘என்னத்தைச் சொல்ல’ என்று விட்டுவிடுவார். எந்த லயம், எத்தனையாவது வீடு, பக்கத்து வீட்டில் யார், எந்த மண்டோர், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், உங்கள் அம்மா எந்த ஊர் பேச்சுப் பேசினார் என்று கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். கிராமத்தின் பெயர் மறந்த குடும்பங்களிலும் குலதெய்வத்தின் பெயர் நிற்கும், அதை வைத்துத் தமிழ்நாட்டில் ஊரைத் தேடிப் பிடிக்க வழி உண்டு. தகரப் பெட்டியைத் திறந்து பிறப்புப் பத்திரம், பழைய அட்டை, சேமநிதிப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் படம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். படத்தின் பின்னால் யார் யார் என்று இன்றே பென்சிலால் எழுதுங்கள். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை ஒரு பள்ளிப் பணியாகக் கொடுங்கள். ஒரு பள்ளிக்கு இருபது குடும்பம் என்றால்கூட, சில ஆண்டுகளில் நிபோங் திபால் வட்டாரத்துத் தமிழர் வரலாறு நம் கைக்கு வந்துவிடும்.

பால்மரம் வெட்டிய கடைசித் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் நேரே அவர்களிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள், அவர்கள் அம்மாவின் பெயரையும் கேளுங்கள்.